2,14,74,83,647

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி, விடையில் ஒன்றைக் கழித்தால் வரும் எண். சுருக்கமாக 2³¹ − 1. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண். இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்து வரும் மெர்சென் பகா எண்களில் எட்டாவது.

இதைப் பகா எண் என்று 1603ஆம் ஆண்டு நூலில் சொன்னவர் இத்தாலியரான பியெத்ரோ கத்தால்தி. அடுக்கு 23, 29, 37 ஆக இருந்தாலும் பகா எண்ணே கிடைக்கும் என்றார். அந்த மூன்றும் பொய்த்தன. 1644இல் பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் வெளியிட்ட பட்டியலிலும் 31 உண்டு, நிரூபணம் இல்லை.

நிரூபித்தவர் கணிதவியலாளர் ஆய்லர். 1772இல் மூன்றாம் யோஹான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் முடிவைத் தெரிவித்தார். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது.

ஓர் எண்ணின் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்கள் எதுவும் அதை வகுக்காவிட்டால் அது பகா எண். இங்கே வர்க்கமூலம் 46,340ஐச் சற்றே தாண்டுகிறது. அதற்குள் சுமார் 4,800 பகா எண்கள் இருக்கின்றன. ஆய்லர் அத்தனையையும் தொடவில்லை. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அந்தக் காரணியை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63தான் வரும் என்று காட்டினார். அப்படி வடிகட்டினால் சோதிக்க வேண்டியவை அதிகபட்சம் 372. அவற்றில் முதல் பகா எண் 311. அதனால் வகுத்தால் 35 மீதி நிற்கிறது. மற்றவற்றாலும் மீதியின்றி வகுபடவில்லை.

எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக, அறியப்பட்ட பகா எண்களில் இதுவே பெரியதாக இருந்தது. இதை 2³⁰ஆல் பெருக்கினால், தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாகும் ஒரு நிறைவெண் கிடைக்கும். அதைவிடப் பெரிய நிறைவெண்ணை எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனற்ற வேடிக்கைக்காக யார் மெனக்கெடுவார்கள் என்று 1811இல் எழுதினார் ஆங்கிலேயரான பீட்டர் பார்லோ. ஆனால் 1876இலேயே 2¹²⁷ − 1 பகா எண் என்று கணிதவியலாளர் லூக்கா நிறுவிவிட்டார்; அதோடு இன்னும் பெரிய நிறைவெண்ணும் கிடைத்தது.

இந்த எண்ணுக்குப் பயன் கணினியில் வந்தது. 32 பிட்டில் ஒன்றைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கினால் மீதி 31 பிட்டில் அடங்கும் உச்ச எண் இதுதான். இன்னும் ஒன்று கூட்டினால் பெரும்பாலான கணினிகளில் விடை −2,14,74,83,648 என்று தலைகீழாகும். ‘கங்னம் ஸ்டைல்’ காணொளியின் பார்வைகள் இந்த உச்சத்தைத் தாண்டியதையும் அந்தக் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியதையும் யூடியூப் 2014 டிசம்பரில் தெரிவித்தது. போயிங் 787 விமானத்தை 248 நாள் மின்சாரத்தை நிறுத்தாமல் வைத்திருந்தால் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் முடங்கக்கூடும் என்று 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்தது. நூறில் ஒரு விநாடியாக எண்ணிக்கொண்டே போனால் 2³¹ எட்டுவதும் 248 நாளில்தான்.

யூனிக்ஸ் வகைக் கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணுகின்றன. 32 பிட்டில் எண்ணுபவை 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8:44:07க்கு, இந்த எண்ணைத் தொடும். அடுத்த விநாடி அவற்றின் நாட்காட்டி 1901 டிசம்பருக்குப் பின்வாங்கும். இந்தச் சிக்கல் இல்லாத 64 பிட் கணினிகள் பெருகிவிட்டன. 32 பிட் கருவிகளுக்கும் 64 பிட் நேரக் கணக்கை லினக்ஸ் கரு 2020இல் வெளியான 5.6ஆம் பதிப்பில் கொண்டுவந்தது.