கப்பலைத் தண்ணியில் இறக்கிறது

போன திங்கள் எனக்கு லீவு. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்து கம்டனுக்குப் போய் 'நியூ ஜேர்சி' போர்க்கப்பலைப் பார்த்தேன். ஆற்றுக்கு அக்கரையில், பிலடெல்பியாவில் கட்டி 1942 டிசம்பர் 7இல் இறக்கின கப்பல். இப்போது அருங்காட்சியகம்.

அடுத்தநாள் ரெஸ்ரோரண்ட் குசினியில் இதைச் சொல்ல, கூட வேலை செய்யும் எங்கட ஊர்ப் பெடியன் கேட்டான்: "அண்ணை, இவ்வளவு பெரிய சாமானைத் தரையிலை கட்டிப்போட்டு எப்பிடித் தண்ணிக்குள்ளை இறக்கினவங்கள்?"

பல்கலைக்கழகத்தை இடையில் விட்டவன் என்றாலும் உராய்வு பற்றிப் படித்தது இன்னும் மறக்கவில்லை.

பழைய முறை சறுக்குவது. தண்ணியை நோக்கிச் சரிந்த மரப்பாதையில் கொழுப்புப் பூசி, தொட்டில் மாதிரி ஒன்றில் கப்பலை இருத்துவார்கள். பிடியை விட்டால் அதின்ர பாரமே இழுத்துக்கொண்டு போகும். 1911 மே 31இல் பெல்பாஸ்ரில் டைட்டானிக் இறங்க எடுத்தது 62 வினாடிகள். பூசின கொழுப்பும் சோப்பும் 20 தொன்னுக்கு மேல். பின்பக்கம் மிதக்கத் தொடங்கும்போது பாரம் முன்பக்கத்தில் குவியும். அதுதான் பயமான நேரம்.

அதைவிடப் பெரிய பாடு, ஓடுகிற கப்பலை நிறுத்துவது. கம்டனில் கட்டின 'கிட்டி ஹோக்' விமானந்தாங்கிக் கப்பல் ஆயிரம் அடிக்கு மேல் நீளம். சறுக்கி விட்டால் டெலவெயர் ஆற்றைக் கடந்து பிலடெல்பியாக் கரையில் முட்டிவிடும் என்று பயந்தார்கள். அதனால் ட்ரை டொக் என்கிற பெரிய குழிக்குள்ளேயே கட்டி, 1960 மே 21இல் அதற்குள் தண்ணியை விட்டு மிதக்க வைத்தார்கள். கப்பல் தண்ணிக்குப் போகவில்லை, தண்ணி கப்பலிடம் வந்தது!

"வெள்ளைக்காரன் மூளை அண்ணை. எங்கட ஆக்களுக்கு உதுகள் எங்கை தெரியும்?" என்றான் பெடியன்.

எனக்குச் சுருக்கென்றது. வல்வெட்டித்துறையில் கட்டின பாய்க்கப்பல் 'அன்னபூரணி', எங்கட மாலுமிகளோடு 1938இல் மசாசுசெட்ஸ் கிளஸ்ரர் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்ததைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. எங்கட பெடியனே நம்பவில்லை!

சின்ன வயதில் தென்னங்குற்றிகளை அடியில் போட்டு, பத்துப்பேர் ஒரே குரலில் வள்ளம் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் உராய்வுக் கணக்குத்தான். டைட்டானிக்குக்கு வினாடிக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கட கப்பல்காரரின் கணக்கு வீட்டுக் கிழவர்களின் வாயில்தான் இருக்கு. இருக்கிறபோதே கேட்டு எழுதி வையுங்கோ.

அடுத்த லீவுக்குப் பெடியனைக் கிளஸ்ரருக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்.