பிள்ளைகளின் வயிற்றுக்குத்தும் கைமருந்தும்

ஒஸ்லோவின் தென்பகுதியில் 1980களில் எழுந்த குடியிருப்பு ஹொல்ம்லியா. அங்குள்ள ஈழத்தமிழ் வீடுகளிலும் பிள்ளைக்கு அடிக்கடி வயிறு நொந்தால் முதலில் திறபடுவது குசினி அலுமாரிதான். ஓமத்தண்ணீர், கொத்தமல்லிக் குடிநீர், தொப்புளைச் சுற்றிப் பூசப் பெருங்காயம், கைக்குழந்தைக்குச் சுட்டுரைத்த வசம்பு. காரணமாக வாயு, பூச்சி, நாவூறு, குடலேற்றம் என்பன சொல்லப்படும்.

ஓமமும் கொத்தமல்லியும் அளவோடு கொடுத்தால் பெரிய கெடுதல் இல்லை. வசம்பு அப்படியல்ல. அதிலுள்ள அசரோன் காரணமாக அமெரிக்கா 1968இல் அதை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. இனிப்புத் தின்றால் பூச்சி வரும் என்பதும் சரியல்ல. கீரிப்பூச்சி முட்டை வாய்வழி போவதாலேயே தொற்றுகிறது, அதன் தொல்லையும் பெரும்பாலும் ஆசனவாய் அரிப்புத்தான். பாலைச் சந்தேகிக்கும் தாயை மட்டும் தட்டிக்கழிக்க முடியாது. நம்மவரில் பலருக்கு வளர வளரப் பால் வெல்லத்தைச் செரிக்கும் நொதியம் குறைகிறது. நோர்வேஜியரில் பெரும்பாலோருக்குக் குறைவதில்லை.

பிரித்தானியாவின் பிரிஸ்டல் நகரில் ஜோன் அப்ளியும் நோரா நேய்ஷும் 1000 பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958இல் எழுதியபடி, பத்தில் ஒருவருக்கு இந்நோவு இருந்தது. மூன்று மாதத்தில் மூன்று தடவையாவது, அன்றாட அலுவலைக் குழப்பும் அளவுக்கு வருவதே அவர்கள் வகுத்த இலக்கணம். இலங்கையில் 2008இல் வெளிவந்த ஆய்வொன்றும் 10.5 வீதம் என்றது. இவர்களில் பெரும்பாலோரின் உறுப்புகளில் நோயெதுவும் இருப்பதில்லை. ஆனால் நோவு பொய்யல்ல.

இங்கேதான் மொழி குறுக்கிடுகிறது. நோர்வேஜிய மொழியில் "வுந்த் இ மாகன்" என்றால் வயிற்றுநோவு. பாடசாலைக்குப் போகப் பயம் என்பதற்கும் அதே சொல்தான். பிள்ளை அதைச் சொல்ல, தாய் வயிற்றுக்குத்து என்று விளங்கி ஓமத்தை அவிக்கிறாள். இத்தனைக்கும் வயிற்றைக் கலக்குது, அடிவயிற்றில் புளி கரைக்குது என்று பயத்தை வயிற்றில் வைத்துப் பேசுபவர்கள் நாங்கள்!

குடலேற்றம் என்று எண்ணெய் பூசித் தடவுவதில்தான் உண்மையான ஆபத்து. குழந்தை விட்டுவிட்டு வீரிட்டழுது, பச்சையாகச் சத்தியெடுத்து, இரத்தமும் சளியுமாக மலம் போனால் அது குடல் செருகலாக இருக்கலாம். மணிக்கணக்கில் தாமதித்தாலே குடல் அழுகக்கூடும்; உடனே 113ஐ அழைக்கவேண்டும். பெரிய பிள்ளைகளில் நித்திரையைக் குழப்பும் நோவு, எடை குறைதல், மலத்தில் இரத்தம், தொப்புளை விட்டு விலகி ஒரே இடத்தில் நிற்கும் நோவு ஆகியவற்றைக் கண்டால் கைமருந்தை நிறுத்திவிட்டுக் குடும்ப வைத்தியரிடம் காட்டவேண்டும். என்னென்ன கொடுத்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்வது நல்லது.