பஞ்சத்தில் பிறந்த இனிப்பு

நாட்டில் பஞ்சம் வந்தால் முதலில் எந்தக் கடைக்குப் பூட்டுப் போடவேண்டி வரும்? சந்தேகமே வேண்டாம்... மிட்டாய்க்கடைதான்! ரொட்டி இல்லாவிட்டால் கலவரம் வெடிக்கும். கேக் இல்லாவிட்டால் யார் கொடி பிடிக்கப் போகிறார்கள்?

அப்படியொரு நேரத்தில் மாட்டிக்கொண்டவர் பியட்ரோ ஃபெரேரோ. வட இத்தாலியில், பீட்மாண்ட் பகுதியில் ஆல்பா என்று ஒரு சின்ன ஊர். அங்கே அவரும் மனைவி பியேராவும் பேஸ்ட்ரி கடை நடத்தி வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி நொறுங்கிப் போயிருந்தது. கோகோவோ கப்பலில் வரவேண்டிய சரக்கு. கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் யானை விலை!

ஆனால், ஆல்பாவைச் சுற்றியிருக்கும் குன்றுகளில் ஹேஸல்நட் மரங்களுக்குப் பஞ்சமே இல்லை. அந்தக் கொட்டையை அரைத்துக் கலந்து, துளி கோகோவை நிறைய சாக்லெட்டாக்கிக் காட்டுவது, பக்கத்து டூரின் நகர மிட்டாய்க்காரர்கள் 19-ம் நூற்றாண்டிலேயே கற்று வைத்திருந்த வித்தை. பியட்ரோ அதைத் தூசு தட்டி எடுத்தார். 1946-ல் ‘ஜாந்துயோட்’ பிறந்தது. பார்க்க சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். கத்தியால் வில்லை போட்டு, ரொட்டிமேல் வைத்துச் சாப்பிடவேண்டும். சாதாரண குடும்பங்களுக்கும் கட்டுப்படியாகிற விலை!

ஒரே ஒரு சிக்கல். வீட்டு வாண்டுகள் மேலே இருந்த வில்லையை மட்டும் லவட்டிக்கொண்டு ரொட்டியைத் தூக்கிப் போட்டுவிடுமாம்! சரி, ரொட்டியில் தடவிவிட்டால் பிரிக்க முடியாதல்லவா? 1951-ல் ‘சூப்பர்கிரெமா’ என்ற பெயரில் தடவுகிற வடிவம் வந்தது.

அதைப் பார்க்க பியட்ரோ இல்லை. 1949-லேயே மாரடைப்பில் இறந்துவிட்டார். வயது ஐம்பதுதான். ஆனாலும், கடை சாயவில்லை. தம்பி ஜியோவானி, மனைவி பியேரா, மகன் மிக்கேல் மூவரும் தோள் கொடுத்தார்கள். மிக்கேல் அந்தக் கலவையை மேலும் மெருகேற்றி, 1964-ல் பாட்டிலில் அடைத்து, புதுப் பெயர் சூட்டினார். ‘நட்’ என்ற ஆங்கில வார்த்தைக்கு ஓர் இத்தாலிய வால்... நுட்டெல்லா!

மிக்கேல் 2015-ல் மறைந்தார். உலகமெங்கும் பரந்துவிட்ட அந்த நிறுவனம் இன்றும் அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

எப்போதாவது நுட்டெல்லா பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்துப் பாருங்கள். ஐரோப்பாவில் விற்கிற பாட்டிலில் ஹேஸல்நட் 13 சதவிகிதம், கோகோ வெறும் 7.4 சதவிகிதம். மிச்சத்தில் பெரும்பங்கு சர்க்கரையும் பாமாயிலும்தான்! போர் முடிந்து எண்பது வருடம் ஆகிறது. கோகோ பஞ்சம் எப்போதோ தீர்ந்துவிட்டது. பாட்டிலுக்குள் மட்டும் இன்னும் தீரவில்லை!