உறுதிமொழிப் பத்திரமும் பூட்டிய கதவும்

பிரெஞ்சில் படித்தவன் நான். எங்கள் வரலாற்று ஆசிரியர் அரசர்களின் பட்டியலைச் சீக்கிரம் முடித்துவிட்டு இப்படிப்பட்ட கதைகளுக்கு வந்துவிடுவார். ஒருநாள் அவர் சொன்னதுதான் பாரிஸில் நோத்ருதாம் கோயிலை ஒட்டி, ஆற்றங்கரையில் இருந்த ஒத்தேல் தியே மருத்துவமனை எரிந்த கதை. 1772 டிசம்பர் 29 நள்ளிரவில் பிடித்த தீ. மெழுகுத்திரி செய்ய விலங்குக் கொழுப்பு காய்ச்சும் இடம் அந்த மருத்துவமனைக்கு உள்ளேயே இருந்ததாம். அங்கிருந்துதான் தொடங்கியது என்பார்கள். ஒரே கட்டிலில் நாலு பேர், ஆறு பேர் படுத்திருந்த காலம். யார் எழுந்து ஓடுவது?

பையன்கள் நாங்கள் தீயைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு நான் அரசுக் குமாஸ்தா ஆனபின் யோசித்தது தீக்குப் பிறகு நடந்ததை. மறு ஆண்டே, அங்கே மருத்துவமனை கூடாது, வேறிடத்துக்கு மாற்று என்று 15ஆம் லூயி ஆணையிட்டார். மாற்றவில்லை. 1785இல் அறிவியல் கழகம் ஒரு குழு போட்டது. சாதாரண ஆட்கள் இல்லை: லவுவாசியே, லாப்லாஸ், கூலோம், அறுவை மருத்துவர் தெனோன். (பள்ளியில் மின்விசை விதி படித்தோமே, அதே கூலோம்தான்.) தெனோன் வார்டு வார்டாக அளந்து, கட்டிலை எண்ணி, 1788இல் பெரிய புத்தகமே போட்டார். அடுத்த வருடம் புரட்சி. இப்போதுள்ள புதிய கட்டடம் திறந்தது 1877இல். தீப்பிடித்து 105 ஆண்டுகள்! எங்கள் செக்‌ஷனில் பன்னிரண்டு வருடம் நகராத கோப்பு ஒன்று இருந்தது. அதை நினைத்து நான் வெட்கப்பட வேண்டியதில்லை என்று அன்று தோன்றியது.

மெழுகுத்திரி போய் மின்விளக்கு வந்ததும் ஆபத்து தீர்ந்தது என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக்கில் 1929 மே 15இல் நடந்தது வேறு. எக்ஸ்ரே ஃபிலிம்களை அடித்தளத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரோசெல்லுலோஸ். சூடு பட்டாலே சிதைந்து நச்சுப் புகை கக்கும். பக்கத்தில் எரிந்த பல்பின் சூடா, நீராவிக் குழாயின் சூடா, யாரோ போட்ட சிகரெட்டா என்று கடைசிவரை முடிவாகவில்லை. 123 பேர் இறந்தார்கள். தீ சுட்டதைவிடப் புகை கொன்றதுதான் அதிகம். அதன் பிறகே எளிதில் பற்றாத ஃபிலிமுக்கு மருத்துவமனைகள் வேகமாக மாறின.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். கல்கத்தா தாகுரியாவில் ஆம்ரி மருத்துவமனை, 2011 டிசம்பர் 9, விடியற்காலை. அங்கேயும் அடித்தளம்தான். கார் நிறுத்த வேண்டிய இடத்தில் எரியக்கூடிய சாமான்களைப் போட்டு வைத்திருந்தார்கள். கண்ணாடி பதித்து மூடிய கட்டடம். புகை ஏசி குழாய் வழியாக மாடி மாடியாக ஏறியது. பக்கத்துக் குடிசைப் பகுதி மக்கள் புகையைப் பார்த்து ஓடிவந்தார்கள். காவலாளிகள் அவர்களை உள்ளே விடவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. தீயணைப்புத் துறைக்குச் செய்தி தாமதமாகவே போயிற்று. 90 பேர் அளவில் மாண்டார்கள். கேரளத்திலிருந்து வந்த இளம் செவிலியர் இருவர் நோயாளிகளை ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்துவிட்டு, மறுபடி உள்ளே போய்த் திரும்பவில்லை.

செய்தியில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. அடித்தளத்தைக் காலி செய்யச் சொல்லித் தீயணைப்புத் துறை முன்பே கேட்டிருந்ததாம். செய்துவிடுகிறோம் என்று மருத்துவமனையும் எழுதிக் கொடுத்திருந்ததாம்.

எழுதிக் கொடுத்தது! அந்தத் தாளை எனக்குத் தெரியும். அப்படி ஒன்றை நானே கோப்பில் கட்டியிருக்கிறேன்.

தொண்ணூறுகளில் உரிமம் பார்க்கும் ஒரு பிரிவில் இருந்தேன். ஊரும் அலுவலகமும் வேண்டாம். ஒரு நர்சிங் ஹோம் கோப்பு வந்தது. புகை கண்டறியும் கருவி இல்லை, எச்சரிக்கை மணி இல்லை, பின்புற மாடிப்படி அரைகுறை என்று ஆய்வுக் குறிப்பு. கூடவே முத்திரைத்தாளில் உறுதிமொழி: ஆறு மாதத்தில் எல்லாம் செய்து முடிக்கிறோம். நான் பிரெஞ்சில் படித்து, அரசு வேலைக்காக இங்கிலீஷ் நோட் போடக் கற்றவன். அன்று அழகாகவே எழுதினேன்: உறுதிமொழி அளித்திருப்பதால் பரிசீலிக்கலாம். மேலே கையெழுத்தாகிப் போயிற்று. ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பை யாரும் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

2003இல் என் மனைவிக்குப் பித்தப்பைக் கல். சேர்த்தது அதே இடத்தில், மூன்றாவது மாடியில். இரண்டாம் நாள் இரவு ஏசியிலிருந்து வயர் கருகும் வாடை. விளக்கு அணைந்தது. சிஸ்டர் டார்ச்சோடு ஓடிவந்து, "ஐயா, அம்மாவை மெதுவா எழுப்பி உட்கார வைங்க" என்றாள். அந்தக் குரலிலேயே பயம் தெரிந்தது. தாழ்வாரத்தில் சிவப்பு டப்பா ஒன்று மாட்டியிருந்தது. அதன் கண்ணாடியை உடைத்தால் மணி அடிக்க வேண்டும். வார்டு பாய் உடைத்தான். உள்ளே வயரே இல்லை. பின்புற மாடிப்படி இருந்தது, கட்டி முடித்துத்தான் இருந்தார்கள். ஆனால் கதவில் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார்.

பத்து நிமிடம் இருக்கும். மெயினை அணைத்தார்கள், வாடை நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் மனைவி, "என்னங்க, கை இப்படி நடுங்குது?" என்றாள். அந்தக் கோப்பைப் பற்றி அவளிடம் அன்று சொல்லவில்லை. எட்டு வருடம் கழித்து, கல்கத்தா செய்தி வந்த அன்றுதான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த சிஸ்டருக்கும் தெரியாதில்ல?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போதெல்லாம் எது எரிந்தாலும் 'மின்கசிவு' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த இரவுக்குப் பிறகு எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் எனக்கு விளக்கிச் சொன்னார். பழைய வயரிங்கிலேயே ஏசி மேல் ஏசியாகச் சேர்ப்பார்கள். இருபத்துநாலு மணி நேரமும் ஓடுவதால் இணைப்புகள் தளர்ந்து சூடேறும். பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்றால், ஏன் விழுகிறது என்று பார்க்காமல் பெரிய பிரேக்கர் போட்டுவிடுவார்கள். விழுந்து காப்பாற்ற வேண்டியது பிறகு விழவே விழாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்சிஜன் கசிந்தால் சின்னப் பொறியும் பெரிதாகும்.

சட்டமோ விதியோ இல்லாமல் இல்லை. தேசியக் கட்டட நெறி 1970லேயே வந்துவிட்டது. அதன் நான்காம் பகுதி முழுக்கத் தீப் பாதுகாப்பு. 2020 நவம்பரில் ராஜ்கோட்டில் கோவிட் நோயாளிகள் எரிந்து இறந்தபின், உச்ச நீதிமன்றம் டிசம்பர் 18 அன்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது: கோவிட் மருத்துவமனைகளில் தணிக்கை செய்யுங்கள், ஒவ்வொன்றிலும் தீப் பாதுகாப்புக்கு ஒரு பொறுப்பாளரை வையுங்கள் என்று. மூன்று வாரம் கழித்து, ஜனவரி 9 அன்று, மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில் பத்துப் பச்சிளம் குழந்தைகள் போயின. 2024 டிசம்பரில் நம் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு பேர், லிஃப்டுக்குள் சிக்கி.

அதனால் நோயாளி பார்க்கப் போகும் இடத்தில் எல்லாம் எனக்கு ஒரு பழக்கம். திரும்பும்போது லிஃப்டில் ஏறமாட்டேன். பின்புறக் கதவைத் தேடித் தள்ளிப் பார்ப்பேன். என் பேரனுக்கு இதில் கூச்சம். போன வாரம் நண்பரைப் பார்க்கப் போன இடத்தில் கதவு திறந்தது, சந்தோஷம். படியில் மட்டும் உடைந்த கட்டில்கள், மூன்று ஸ்ட்ரெச்சர், காலி அட்டைப் பெட்டிகள். ஒதுங்கி ஒதுங்கி இறங்கினேன். கீழே காவலாளி எழுந்து வந்து, "பெரியவரே, லிஃப்ட் அந்தப் பக்கம் இருக்கு, இது யாரும் வர்ற வழி இல்ல" என்றார்.