உணர்விழந்த கைகள்: ஹெந்தளை முதல் வேலூர் வரை

கொட்டாஞ்சேனையையும் முகத்துவாரத்தையும் தாண்டிக் களனி கங்கைக்கு அப்பால் செல்வோர், வத்தளையை அடுத்துள்ள ஹெந்தளையை அறிவர். அங்கே 1708ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொழுநோயாளருக்கென ஒரு வைத்தியசாலையை நிறுவினர். ஒல்லாந்தர் போய்ப் பிரித்தானியர் வந்தனர். பிரித்தானியர் போய்ச் சுதந்திரமும் வந்தது. வைத்தியசாலையோ நிலைத்து நின்றது. அது தொடக்கிவைத்த வரலாற்றை நோயாளியின் கையை முன்னிறுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணமாகும்.

மருந்து அறியப்படாத காலத்தில் சமூகம் கண்ட வழி விலக்கிவைத்தல் ஒன்றே. 1873இல் நோர்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் இந்நோய்க்குரிய கிருமியைக் கண்டறிந்தார். பழவினையின் பயன் என்று கருதப்பட்ட நோய், தொற்றுநோய் எனத் தெளிவாயிற்று. ஆனால் அத்தெளிவு அச்சத்தைக் குறைக்கவில்லை. மாறாக, அதற்குச் சட்டத்தின் துணையைத் தேடித் தந்தது. இலங்கையில் 1901ஆம் ஆண்டின் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம், நோயாளரைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்த வழிசெய்தது. ஊருக்கு நோயினின்று காவல் வேண்டும் என்று எண்ணியவர்கள், நோயாளியின் கைக்கும் காவல் வேண்டும் என்று எண்ணினாரல்லர்.

அக்கைக்கு நேர்ந்தது யாது? முழங்கையின் உட்புறத்தை எங்கேனும் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீரென்று ஓர் உணர்வு பாய்வதை யாவரும் அறிவோம். அங்கே தோலுக்கு மிக அண்மையில் ஓடும் அல்னர் நரம்பே அதற்குக் காரணம். தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. ஆதலின் தோலையொட்டிய இந்நரம்பு எளிதில் தாக்கப்படுகிறது. நரம்பு வீங்கிச் சிதையவே, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்க, விரல்கள் கொக்கிபோல் மடங்குகின்றன. சோற்றைப் பிசையவும் சட்டைப் பொத்தானைப் பூட்டவும் இயலாத நிலை உண்டாகிறது.

இக்கை இனி உதவாது என்ற முடிவை மறுத்தவர்களுள் முதன்மையானவர் டொக்டர் போல் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்த இவர், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்திலே, மடங்கிய விரல்களையுடைய ஒருவரின் கைப்பிடி மிக வலிதாயிருக்கக் கண்டு வியந்தார். விரல்களை மடக்கும் முன்கைத் தசைகள் பழுதுறவில்லை என்பதை அது உணர்த்திற்று. நலமான தசையொன்றின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் பணியை ஆற்றும்படி விரல்களோடு இணைக்கும் அறுவைச் சிகிச்சை அவ்வுண்மையின்மேல் எழுந்தது. ஆயினும் கத்தியோடு காரியம் முடிந்துவிடவில்லை. இடம் மாறிய தசைக்குப் புதிய தொழிலை வாரக்கணக்கான பயிற்சியால் கற்பிக்க வேண்டியிருந்தது. எழுதத் தொடங்கும் குழந்தையைப்போல நோயாளி தன் கையைத் தானே பழக்கினான்.

இதனினும் ஆழமான உண்மை ஒன்றையும் வேலூரில் கண்டனர். விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுவதில்லை. வலியை உணராத கை சுடுபாத்திரத்தைப் பற்றுகிறது. முள் தைத்ததை அறியாது வேலை செய்கிறது. இரவில் எலி கடித்தாலும் உறக்கம் கலைவதில்லை. கவனியாத புண்களே விரல்களைத் தின்றன. ஆகவே கருவிகளுக்கு மரப்பிடி இடவும், நாள்தோறும் கைகளைக் கண்ணால் சோதிக்கவும் நோயாளர் பயிற்றப்பட்டனர். வலி செய்த காவலைக் கண் ஏற்றுக்கொண்டது.

1983 முதல் இலங்கையில் பன்மருந்துச் சிகிச்சை வழங்கப்பட்டது. 1995இல் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையினின்று இந்நோய் தேசிய மட்டத்தில் நீங்கியது. ஆயினும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். அவர்களிற் கணிசமானோர் கொழும்பை உள்ளடக்கிய மேல் மாகாணத்தவர். மருந்து கிருமியைக் கொல்லும். நெடுநாள் சிதைந்த நரம்பை மீட்க அதனால் இயலாது. உணர்விழப்புத் தோன்றிய முதல் ஆறு மாதங்களுக்குள் உரிய சிகிச்சை கிடைப்பின், நரம்பு பெரும்பாலும் தேறக்கூடும்.

இங்கேதான் வரலாறு நம்மைத் தொடுகிறது. ஊர் என்ன சொல்லுமோ என்றஞ்சி, மரத்துப்போன தேமலொன்றைச் சட்டைக் கைக்குள் மறைக்கும் மாணவனுக்கு இழப்பாவது அந்த ஆறு மாதங்களே. விலக்கிவைத்தலால் நோயை வெல்லலாம் என்று நம்பிய காலம் விட்டுச்சென்ற அச்சம், இன்றும் கைகளை முடமாக்குகிறது. அதனை நீக்குதல் மருத்துவருக்கு மட்டும் உரிய பணியன்று. கற்றோர் அனைவரதும் கடனாகும்.