சரத்சந்திரரும் தேவதாஸும்

வங்க நாவலாசிரியர்களுள் சரத்சந்திர சட்டோபாத்தியாயரைப்போல் பாரத தேசத்தின் பிற மொழியினரால் தம்மவராகவே பாவிக்கப்பட்டவர் வேறொருவர் இல்லை. அவர் எழுதியவற்றுள்ளும் தேவதாஸைப்போல் ஊர்தோறும் பெயர் பரவிய நூல் வேறொன்று இல்லை. காதலில் தோற்றுக் குடியில் விழுந்த இளைஞன் எவனையும் தேவதாஸ் என்று அழைப்பது தமிழ்நாட்டுத் தெருக்களிலும் வழக்காகிவிட்டது. இப்புகழ் நாவல் முழுமைக்கும் உரியதா, அதன் ஒரு பாகத்துக்கு மட்டும் வாய்த்ததா என்பது ஆராயத்தக்கது. 1917ல் அச்சேறிய நூலையும், அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் அது வெள்ளித்திரையில் எடுத்த வடிவங்களையும் ஒருங்கே வைத்து நோக்குமிடத்து, ஒரு பெண்ணின் துணிவையும் ஓர் ஆணின் கோழைமையையும் பற்றி எழுந்த கதை, நாளடைவில் விதி பிரித்த இருவரின் கதையாகவும், பின்னர் மது அழித்த ஒருவனின் கதையாகவும் உருமாறிய வரலாறு புலனாகிறது.

சரத்சந்திரர் 1876ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி ஹூக்ளி ஜில்லாவைச் சேர்ந்த தேவானந்தபூர் கிராமத்தில் பிறந்தார். தந்தை மோதிலால் கதைகளைத் தொடங்கி முடிக்காமலே விட்டுவிடும் சுபாவமுடையவர். எந்த உத்தியோகத்திலும் நிலைக்காதவர். ஆகவே குடும்பம் பெரும்பாலும் பாகல்பூரில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தை அண்டியே வாழ நேர்ந்தது. 1894ல் பிரவேசப் பரீட்சையில் தேறிக் கல்லூரியில் சேர்ந்த சரத்சந்திரர், அடுத்த பரீட்சைக்குரிய கட்டணம் செலுத்த வழியின்றிப் படிப்பை நிறுத்தினார். அந்தப் பாகல்பூரிலேதான் இளைஞர் சிலர் கூடி ஓர் இலக்கிய சபை அமைத்து, 'சாயா' என்னும் கையெழுத்துப் பத்திரிகையை நடத்தினர். சரத்சந்திரரின் ஆரம்பகாலக் கதைகள் பல அச்சக வாசனையே படாமல் அந்த நண்பர் குழாத்தினுள் கைமாறி வாசிக்கப்பட்டவை. தேவதாஸ் அக்காலத்துப் படைப்பே; 1900ஆம் ஆண்டை ஒட்டி, ஆசிரியருக்கு இருபத்து நான்கு வயதளவில் எழுதப்பட்டது.

எழுதிய கதைகளை உறவினரிடமும் நண்பரிடமும் விட்டுவிட்டு, 1903ல் அவர் பிழைப்புத் தேடி ரங்கூனுக்குக் கப்பலேறினார். அங்கே கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, தொழிலாளரும் மேஸ்திரிகளும் வாழ்ந்த பகுதியில் குடியிருந்தார். பிளேக் நோய் மனைவியையும் குழந்தையையும் கொண்டுபோயிற்று. 1912ல் வீடு தீப்பற்றிக் கையெழுத்துப் பிரதிகளும் புத்தகங்களும் எரிந்தன. இதனிடையே 1907ல் 'பாரதி' பத்திரிகை அவருடைய 'படதிதி' என்ற கதையை அவர் அறியாமலே வெளியிட, ஆசிரியர் பெயரின்றி வந்த அதனை ரவீந்திரநாதரே எழுதியிருக்க வேண்டுமென்று வாசகர் பலர் எண்ணினர். பர்மாவில் இருந்த குமாஸ்தா ஒருவர் வங்கத்தில் கீர்த்தி பெறத் தொடங்கியது இவ்வாறுதான்.

கீர்த்தி வந்தபின் பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பிரசுரிக்க நண்பர்கள் ஆவல் கொண்டனர். ஆனால் தேவதாஸ் அச்சேறுவதில் ஆசிரியருக்குச் சம்மதமில்லை. 1913ல் பிரமதநாத் பட்டாச்சாரியார் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அது மதுமயக்கத்தில் எழுதப்பட்டதென்றும், அதைக் குறித்து இப்பொழுது தாம் நாணுவதாகவும் அவர் தெரிவித்தார். முப்பத்தேழு வயதளவில், பர்மாவின் துக்கங்களையெல்லாம் கடந்து வந்த ஒருவர், தம் இருபத்து நான்காம் வயதின் கண்ணீரைக் கண்டு கூசியது இயற்கையே. எனினும் அவர் 1916ல் ரங்கூனை விட்டு ஹௌராவுக்குத் திரும்பியபின், 'பாரதவர்ஷம்' பத்திரிகையில் தொடராக வெளிவந்து, 1917 ஜூனில் தேவதாஸ் நூலாயிற்று. ஆசிரியர் ஒதுக்க விரும்பிய புத்தகமே அவர் பெயரை நெடுந்தூரம் கொண்டுசென்றது.

இனி நாவலினுள் புகுவோம். தால்சோனாபூர் கிராமத்து ஜமீன்தார் முகர்ஜியின் இளைய மகன் தேவதாஸ். அடுத்த வீட்டுச் சக்கரவர்த்தியின் மகள் பார்வதி. திண்ணைப் பள்ளியில் அடியும் அன்புமாக வளர்ந்த இவ்விருவரையும் பிரித்த தடை எது? இருவரும் பிராமணர், குலப்பகையும் இல்லை, மதபேதமும் இல்லை. பார்வதியின் குடும்பம் பெண்ணைக் கொடுப்பதற்குப் பணம் பெறும் வழக்கமுடையது. ஆகையால் அந்தஸ்தில் ஒரு படி குறைந்தது. அதனோடு அடுத்த வீட்டிலேயே சம்பந்தம் செய்வது கௌரவக் குறைவென்று ஜமீன்தார் குடும்பம் கருதிற்று. நம் நாட்டிலே பெண்ணுக்குப் பரிசம் போடுவதைப் பல குடிகள் மரியாதையாகவே கொண்டிருக்க, வங்கத்து உயர்குடியினர் அதையே இழிவாக எண்ணினர் என்பதைத் தமிழ் வாசகர் மனத்தில் இருத்த வேண்டும். விதியென்று பிற்காலத்தார் பெயரிட்ட சக்தி, சரத்சந்திரரின் ஏட்டில் இத்தனை அற்பமான கணக்காகவே இருக்கிறது. அவமதிக்கப்பட்ட பார்வதியின் தந்தை, பிடிவாதத்தால் சில நாட்களிலேயே ஹாத்திபோதா ஜமீன்தார் புவன் சௌத்ரியை மாப்பிள்ளையாக நிச்சயித்து வருகிறார். அவரோ நாற்பதை ஒட்டிய வயதினர், மனைவியை இழந்தவர், வளர்ந்த மக்களுக்குத் தந்தை.

இவ்விடத்தில்தான் நாவலின் உயிர்நிலையான அத்தியாயம் வருகிறது. பதின்மூன்று வயதுப் பார்வதி நள்ளிரவில் தன்னந்தனியாக எழுந்து, காவலாளரும் வேலைக்காரரும் படுத்திருக்கும் ஜமீன்தார் மாளிகையினுள் நுழைந்து, தேவதாஸின் அறைக் கதவைத் திறக்கிறாள். வடமொழிக் காவியங்களின் அபிசாரிகை காதலனை நாடி இருளில் செல்வது இன்பத்தின் பொருட்டு. நம் அகப்பாடல்களிலோ இரவுக்குறிக்குத் தலைவனே வழியின் இடையூறுகளையெல்லாம் கடந்து வருவான், அவனை மணம் செய்துகொள்ளும்படி வற்புறுத்தும் பொறுப்பும் பெரும்பாலும் தோழிக்குரியது. வரைவு கடாதல் என்று நம் இலக்கணத்தார் வகுத்த அந்தக் காரியத்தைப் பார்வதி தானே செய்கிறாள். பிறர் கண்டால் ஏற்படும் பழியை அவள் அறிந்தே வந்திருக்கிறாள். தேவதாஸோ தன்னைத் தேடி வரும் அவமானம் எதுவென்று எண்ணியே கலங்குகிறான். அவன் முகத்தருகே ஆசிரியர் பிடித்த விளக்கில் ஒரு மாசும் மறைக்கப்படவில்லை. பெற்றோர் சம்மதிக்க மாட்டார்களே என்று அவன் தயங்க, அவள் அவன் பாதத்தில் இடம் ஒன்றையே வேண்டுகிறாள். 1900ஆம் ஆண்டளவில் வங்க மொழியில் ஒரு கன்னிப்பெண் இவ்வாறு பேசும்படி எழுதியதற்கு இளைஞரான ஆசிரியரிடம் எத்தகைய துணிவு இருந்திருக்க வேண்டும்!

அடுத்து நிகழ்வது யாவும் அந்த இரவின் விளைவே. தந்தையிடம் ஒரு முறை கேட்டு, மறுப்பைப் பெற்றதும், தேவதாஸ் கல்கத்தாவுக்குச் சென்று, தனக்கு அவள்மேல் தனிப்பட்ட காதல் இருந்ததாகத் தோன்றவில்லை என்ற பொருள்பட ஒரு கடிதம் எழுதுகிறான். அதை அனுப்பிய உடனே மனம் பதைத்து ஊர் திரும்புகிறான். அப்பொழுது பார்வதியின் அபிமானம் விழித்துக்கொண்டுவிட்டது. படித்துறையருகே அவள் தலைநிமிர்ந்து பேச, தூண்டிற்கோலால் அவள் நெற்றியில் அடித்து நிரந்தரமான வடுவை உண்டாக்குகிறான். இந்த அடியை அன்பின் மிகுதி என்று சமாதானம் கூறும் ரசிகர்கள் உளர். நான் அவ்வாறு கொள்ளேன். தன் கோழைமையைப் பெண்ணின் உடல்மீது எழுதிவைக்கும் ஆணின் கோபமாகவே அது எனக்குப் படுகிறது.

பின்பகுதியில், சுனிலால் என்ற நண்பன் தேவதாஸைச் சந்திரமுகி என்னும் தாசியிடம் அழைத்துச் செல்வதும், தன்னை வெறுத்துப் பேசியவன்மேலேயே அவள் அன்பு கொண்டு தன் தொழிலைத் துறந்து கிராமத்துக்கு ஒதுங்குவதும் யாவரும் அறிந்தவை. மணமாகிச் சென்ற பார்வதி ஹாத்திபோதாவில் தன் வயதுக்கு நெருங்கிய மக்களுக்குத் தாயாகி, ஜமீன் குடும்பத்தைக் குறைவற நடத்துகிறாள். இறுதியில் மரணத் தறுவாயில் பாண்டுவா ஸ்டேஷனில் இறங்கி, மாட்டுவண்டியில் ஹாத்திபோதாவை அடைந்து, பார்வதியின் வீட்டு வாசலருகே மரத்தடியில் யாரோ ஒருவனாக உயிர் விடுகிறான் தேவதாஸ். கதை முடிந்ததும் ஆசிரியர் வாசகர் முன் தாமே வந்து நின்று, அந்தப் பாபிக்காக அனுதாபம் வேண்டுகிறார். கலைத்திறன் நோக்கில் இது குறையென்று சொல்வோர் சொல்லட்டும். நாயகனைக் குற்றமற்றவனாகக் காட்ட விரும்பிய ஆசிரியர், அவனுக்காக இப்படி யாசித்திருக்க மாட்டார்.

திரைக்கு வந்தபோது இந்தச் சமநிலை மாறிற்று. 1928ல் நரேஷ் மித்ரா மௌனப் படமாக எடுத்தார். 1935ல் நியூ தியேட்டர்ஸார் வங்க மொழியில் தயாரித்த படத்தை இயக்கி, நாயகனாகவும் நடித்தவர் பிரமதேச பரூவா. ஹிந்தி வடிவத்தில் ஸைகால் நடித்துப் பாடினார். தேவதாஸ் ரயிலில் துடிக்கும்போது எங்கோ தொலைவிலிருக்கும் பார்வதி தடுமாறுவதாகக் காட்சிகளை மாற்றி மாற்றி இணைத்த பரூவாவின் உத்தி, இருவரையும் கண்காணாத நூலொன்று பிணைத்திருப்பதாகப் பார்ப்போர் நெஞ்சில் பதித்தது. கலை என்ற முறையில் அது உயர்ந்ததே. ஆனால் பணக்கணக்காலும் மனத்தயக்கத்தாலும் நேர்ந்த பிரிவு, அங்கே தெய்வசங்கற்பத்தின் சாயலைப் பெற்றுவிட்டது.

தமிழில் 1930களிலேயே ஒரு படம் வந்ததாயினும், ஜனங்களின் உள்ளத்தில் நிலைத்தது 1953ல் வேதாந்தம் ராகவையா தெலுங்கிலும் தமிழிலும் இயக்கிய தேவதாஸே. நாகேஸ்வர ராவ் நாயகனாகவும், சாவித்திரி பார்வதியாகவும், லலிதா சந்திரமுகியாகவும் நடித்தனர். இசையமைத்த சி. ஆர். சுப்பராமன் படம் வெளிவருமுன்னரே இளவயதில் காலமானார். எஞ்சியதை அவருடைய உதவியாளர்களான விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் நிறைவு செய்தனர். கண்டசாலாவின் குரலில் நாயகனின் விரக்தி வீடுதோறும் ஒலித்தது. பாட்டு நாயகனுடையதாகிவிட்டபின், கேட்பவர் அனுதாபமும் அவனையே சேர்ந்தது. தேவதாஸ் என்றதும் நமக்கு மதுக்கோப்பையும் தாடியும் நினைவு வருவதும், நெற்றி வடுவோடு நிற்கும் பெண் நினைவு வராததும் இதன் பயனே.

பரூவாவின் ஹிந்திப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பிமல் ராய் 1955ல் தாமே இக்கதையை ஹிந்தியில் மீண்டும் எடுத்தார். அதில் சந்திரமுகியாக நடித்த வைஜயந்திமாலா, துணை நடிகைக்குரிய பிலிம்பேர் பரிசைத் தமக்கு அளித்தபோது, தம் பாத்திரம் நாயகிக்கு இணையானது என்று கூறி அதனை ஏற்க மறுத்தார். நாவலைக் கற்றவர் எவரும் அவர் வாதத்தை ஒப்புவர்; சரத்சந்திரர் அவ்விரு பெண்களையும் ஒரே தட்டில் வைத்தே எழுதியிருக்கிறார்.

ஆர். சண்முகசுந்தரம், அ. கி. ஜெயராமன் முதலியோரின் உழைப்பால் சரத்சந்திரரின் நாவல்கள் பல தமிழுக்கு வந்து, நம் குடும்பங்களில் விரும்பிப் படிக்கப்பட்டன. தேவதாஸைப் படத்தின் வாயிலாக மட்டும் அறிந்தவர்கள் ஒரு முறை நூலையே எடுத்து, பார்வதி நள்ளிரவில் கதவைத் திறக்கும் அந்த அத்தியாயத்தை நிதானமாகப் படித்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.