குடி பிறப்பிலா, சூழலிலா? தென்குஜராத் ஆதிவாசிகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொகுக்கப்பட்ட பம்பாய் மாகாண கெசட்டியர்களில் பீல், சௌத்ரி, தோடியா, காமித் முதலிய சமூகங்களைப் பற்றிய பகுதிகளைப் படிப்போர்க்கு ஒரு தொடர் சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப எதிர்ப்படும்: இவர்கள் குடியில் பெருவிருப்புடையவர்கள். மலைநாட்டின் மழையளவைக் குறிப்பது போலவே இந்த விருப்பும் குறிக்கப்படுகிறது. அது எப்போது தோன்றியது, எவ்வளவு குடித்தார்கள், யாரிடம் வாங்கிக் குடித்தார்கள் என்ற வினாக்களுக்கு அங்கே இடமில்லை. பிறவிக்குணம் என்று கருதிவிட்ட ஒன்றுக்கு வரலாறு தேவைப்படுவதில்லை.

ஆனால் வரலாறு இருந்தது. 1878ஆம் ஆண்டின் பம்பாய் அப்காரிச் சட்டத்துக்கு முன்னர், தென்குஜராத்தின் ஆதிவாசி ஊர்களில் இலுப்பைப் பூவை ஊறவைத்து வீட்டிலேயே சாராயம் காய்ச்சினர். ஈச்ச மரத்தில் கள் இறக்கினர். சடங்கு, திருமணம், அறுவடை, விருந்து ஆகியவற்றின் ஊடாகவே அந்தக் குடி நிகழ்ந்தது. புதிய ஏற்பாடு வீட்டுக் காய்ச்சலைக் குற்றமாக்கியது. உற்பத்தியை மைய வடிசாலைகளுக்கும் விற்பனையை உரிமம் பெற்ற கடைகளுக்கும் மாற்றியது. கள் மரங்களின் மீதான வரியை உயர்த்தியது. தாணே, கொலாபா மாவட்டங்களை மனத்திற்கொண்டு 1892இல் இயற்றப்பட்ட இலுப்பைச் சட்டம், பூவைச் சேகரித்து வைத்திருப்பதையே கட்டுப்படுத்தியது. பஞ்ச காலத்தில் அதே பூ ஏழைகளின் உணவு என்பது சட்டமியற்றியோருக்குத் தெரியாததன்று. தென்குஜராத்தில் கடைகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் பார்சி வணிகர்கள். சாராயம் கடனுக்குக் கிடைத்தது. கடன் நிலத்தை விழுங்கியது. டேவிட் ஹார்டிமன் 1987இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தொடர்பை விரிவாகவே நிறுவியிருக்கிறது. ஆயத்தீர்வையால் கருவூலம் நிறைந்த அதே காலத்தில்தான் ‘குடிவிருப்பமுடைய குலம்’ என்ற வருணனையும் நிலைபெற்றது.

ஐரோப்பியச் சிந்தனை இதற்குத் துணைநின்றது. மதுநோய்க்கு இன்றைய பெயரை 1849இல் சூட்டிய ஸ்வீடன் மருத்துவர் மாக்னஸ் ஹுஸ் அதனை நச்சேற்றத்தின் விளைவாகவே பெரிதும் நோக்கினார். 1857இல் பிரெஞ்சு மருத்துவர் மொரெல் முன்வைத்த ‘சீரழிவு’க் கோட்பாடு, குடிகாரத் தந்தையின் தீமை தலைமுறைதோறும் பெருகி இறுதியில் குலத்தையே அழிக்கும் என்றது. இந்தியாவில் 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் திருட்டைக் குலத்தொழிலாக்கியதும் இதே காற்று வீசிய காலத்தில்தான். விந்தை என்னவெனில், மரபுவழிக் கொள்கையின் தலைமைப் பீடமாகிய லண்டன் கால்டன் ஆய்வகத்திலிருந்தே இதற்கு முதல் அடி விழுந்தது. 1910இல் எதெல் எல்டர்டனும் கார்ல் பியர்சனும், பெற்றோரின் குடிப்பழக்கத்துக்கும் பிள்ளைகளின் உடல்நலம், அறிவாற்றல் ஆகியவற்றுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணவில்லை என்று அறிவித்தனர். மதுவிலக்காளர் கொதித்தெழுந்தனர். பொருளியலாளர் கெயின்ஸ், ஒப்பிடப்பட்ட குடும்பங்களின் தேர்வே பிழை என்று கடுமையாகத் தாக்கினார். புள்ளியியல் வரலாற்றில் அந்தச் சண்டை இன்றும் சுவையானது. பம்பாய் மாகாணத்தின் ஆயத்துறை அதனைப் பொருட்படுத்தியதற்கான அடையாளம் எதுவுமில்லை.

1922 நவம்பரில் நிகழ்ந்ததை எந்தக் குலக்குணக் கோட்பாடும் எதிர்பார்த்திருக்கவில்லை. கடலோர மீனவரிடையே அம்மைநோய்ச் சாந்தியாகத் தொடங்கி மலையடிவாரத்துக்கு நகர்ந்த சலாபாய் தேவி வழிபாடு, சூரத் மாவட்டத்தையும் பரோடா சமஸ்தானத்தின் ஆதிவாசிப் பகுதிகளையும் சில வாரங்களில் பற்றிப் பரவியது. ஊர்ப் பந்தலில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். அருள் வந்தோர் வாயிலாகத் தேவி ஆணையிட்டாள்: சாராயமும் கள்ளும் குடிக்காதீர், ஊன் உண்ணாதீர், நாள்தோறும் நீராடுங்கள், பார்சிகளிடம் வேலைக்குச் செல்லாதீர். கடைகள் வெறிச்சோடின. பிறப்பிலேயே குடியர் எனப்பட்டவர்கள், மருத்துவரும் சிறையும் இன்றி, ஊர் ஊராகக் குடியைத் துறந்தனர். இது தனித்த நிகழ்ச்சியுமன்று. 1914இல் ஜத்ரா பகத் தொடங்கிய தானா பகத் இயக்கத்தின் வழியே சோட்டாநாக்பூர் ஓராவோன்கள் பலர் முன்னரே இதனைச் செய்திருந்தனர்.

எனினும் இதனைச் சூழல்வாதத்தின் முழு வெற்றியாகக் கொண்டாடுவது அவசரமாகும். சில மாதங்களுக்குள் பலர் மீண்டும் குடிக்கத் தொடங்கினர். துறந்தவர், துறவாதவர் என ஊர்களே இரண்டுபட்டன. ஒரே ஊர், ஒரே வறுமை, ஒரே கடைக்காரர் என்றிருந்தும் ஒருவர் மீண்டார், மற்றொருவர் மீளவில்லை. அந்த வேறுபாட்டை அப்காரிச் சட்டத்தால் விளக்க முடியாது. குடும்ப அழுத்தம், காங்கிரஸ் ஊழியரின் தொடர்பு, நிலவுடைமை ஆகியவை ஓரளவு விளக்கும். எஞ்சுவது தனிமனித உடலைப் பற்றிய வினா.

அவ்வினாவுக்கு விடை தேடிய ஆய்வுகளில் டொனால்ட் குட்வின் குழுவினர் 1973இல் வெளியிட்ட டென்மார்க் ஆய்வு முக்கியமானது. மதுநோயாளிகளுக்குப் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பிறரால் தத்தெடுக்கப்பட்ட 55 ஆண்களில் 18 விழுக்காட்டினர் மதுநோய்க்கு ஆளாகியிருந்தனர். ஒப்பீட்டுக்குரிய 78 பேரில் 5 விழுக்காட்டினரே. பின்வந்த இரட்டையர் ஆய்வுகளின் தொகுப்பு, மதுநோய் ஏற்படும் வாய்ப்பில் காணப்படும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதியை மரபணுவோடு தொடர்புபடுத்துகிறது. இந்தப் ‘பாதி’ என்ற சொல்தான் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஒருவருடைய குடியில் பாதி தந்தையிடமிருந்தும் மீதி தெருவிலிருந்தும் வந்தது என்பது அதன் பொருளன்று. ஒரு குறிப்பிட்ட மக்கள்தொகையில், ஒரு குறிப்பிட்ட சூழலில், மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டைப் பற்றிய அளவீடு அது. இரு சமூகங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கெசட்டியர் எழுதியவர்கள் செய்ததோ அதையே: தனிமனிதர்க்குரிய வினாவைக் குலத்தின் மீது ஏற்றினர்.

ஜப்பானிய ஆய்வொன்று இதனை நன்கு துலக்குகிறது. கிழக்காசியர் பலரிடம் உள்ள ஒரு மரபணு மாற்றத்தால், மது உடலில் சிதையும்போது தோன்றும் அசிட்டால்டிஹைடு விரைவில் நீங்காது தேங்குகிறது. முகம் சிவந்து, குமட்டி, நெஞ்சு படபடக்கும். அம்மாற்றத்தின் ஒரு படியை மட்டும் பெற்றவர்கள் ஜப்பானிய மதுநோயாளிகளிடையே 1979இல் 2.5 விழுக்காடு, 1986இல் 8, 1992இல் 13. பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடாது. மாறியது குடிக்கும் பண்பாடு. ஆனால் இரு படிகளையும் பெற்றவர் எவரும் அந்த மதுநோயாளிகளிடையே காணப்படவில்லை. அங்கே உடலின் தடையைச் சமூகம் தாண்டவில்லை.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 24 அன்று மதுவிலக்கு நெறி விவாதிக்கப்பட்டபோது, முண்டா சமூகத்தைச் சேர்ந்த ஜெய்பால் சிங் அதனை எதிர்த்துப் பேசினார். ஆதிவாசிகளின் சமயச் சடங்கு எதுவும் அரிசி மதுவின்றி நடைபெறாது என்றார். நாள் முழுதும் மழையிலும் சேற்றிலும் முழங்கால் நீரில் நின்று நாற்று நடும் சந்தால்களைத் தாங்கி நிறுத்துவது அந்த மதுவில் உள்ள எது என்று நாட்டின் மருத்துவ அறிஞர்கள் ஆராய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். நெறி நிறைவேறியது, இன்று அது அரசமைப்பின் 47ஆம் உறுப்பு.